ஒண்ணாம் பிரதி

குழித்துறைச் சந்தையில் கருப்பட்டி என்றால் முத்துநாயகம், முத்துநாயகம் என்றால் கருப்பட்டி. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். ஓலைக் குடிசையில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்று, தலைச்சுமையாகக் கருப்பட்டி விற்று, பிறகு வண்டி வைத்து, பிறகு சரக்கு அடுக்க ஓடு போட்ட கிட்டங்கி கட்டிய மனிதர் சொல்லாமல் வேறு யார் சொல்வது? சும்மா இருந்தவன் அடக்கமாக இருக்கலாம். அவனிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

கிட்டங்கிக்கு மேலே பலகை பாவிய மச்சு. அந்த மச்சில்தான் சட்டப் பாடசாலை நடந்தது. கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டிருந்த கிருஷ்ணமணி வக்கீல், வக்கீல் பரீட்சைக்குப் போகிற வாலிபர்களுக்கு மாலைநேரத்தில் பாடம் சொல்ல இடம் தேடி ஊரெல்லாம் அலைந்தார். படித்தவர்கள், பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். முத்துநாயகம் யோசிக்கவில்லை, சாவியை எடுத்துக் கொடுத்தார். வாடகை என்று வக்கீல் வாயெடுத்ததற்கு மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

யோசிக்காமல் சாவி கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இளவட்ட வயதில், அவருடைய சாதிக்காரன் வண்டி ஓட்டக்கூடாது என்று வைத்திருந்த ஒரு தெரு வழியாக அவர் கருப்பட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். சந்தைக்கு அதுதான் குறுக்குவழி. கேஸ் ஆயிற்று. அவருக்காக எழுந்து பேச அவர் ஆட்களில் ஒரு வக்கீல்கூட அன்றைக்குக் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவனை, ராஜா ஆண்ட அந்த நாட்டுக் கோர்ட்டில் பிரதி என்பார்கள். சேவகன் வாசலில் நின்று "ஒண்ணாம் பிரதி முத்துநாயகம்" என்று ஊர் கேட்கக் கூவினான். தோள்துண்டை எடுக்கச் சொல்லிக் கூண்டில் ஏற்றினார்கள்.

தண்டனை சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்தச் சொல்தான் முடியவில்லை. சந்தையில் அவர் பெயர் பிரதி என்றே ஆகிவிட்டது. "ஏலே பிரதி, இன்னைக்கு எந்தத் தெருவிலலே ஒனக்க வண்டி?" என்று கேட்பார்கள். கிட்டங்கி எழும்பிய பிறகு அப்படிக் கூப்பிட எவனுக்கும் தைரியம் வரவில்லை. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் யாராவது சிரித்தால் அவருக்கு அந்தச் சொல்தான் கேட்கும்.

மனைவி நேசபாய் காய்ச்சலில் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் அற்றுப்போயிற்று. பிள்ளை இல்லை. கடைப்பலகை சாத்தியதும் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். கிட்டங்கியில் ஒரு ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். மேலே பாடம் நடக்கும். சட்டத்தைப் பாட்டுப்போலப் படிப்பார்கள். சிலநாள் இல்லாத கேஸ் ஒன்றை உண்டாக்கி, ஒருவன் வாதிக்கும் ஒருவன் பிரதிக்கும் பேச, ஒருவன் பொய்ச்சாட்சி சொல்வான். சாட்சி உளறும்போது மேலே எல்லாரும் சிரிப்பார்கள்; கீழே இருட்டில் இவரும் சிரிப்பார். அதுதான் அவருடைய ராச்சாப்பாட்டுக்கு முந்திய சாப்பாடு.

கருப்பட்டி இருக்கிற இடத்தில் எறும்பு இல்லாமல் இருக்குமா? சட்டப் புத்தகத்தின் பசையை எறும்பு தின்றது. புத்தக அலமாரியின் நாலு காலுக்கும் நாலு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தார்கள். அதையும் தாண்டி எறும்பு ஏறியது.

"ஒம்ம எறும்பு எல்லா சட்டத்தையும் தின்னு முடிச்சாச்சு மொதலாளி. இந்த வருசம் பரீட்சைக்கு அதுகள அனுப்புவோம்" என்று ராஜையன் சொல்வான். கிழக்கே தோவாளையிலிருந்து வந்து தங்கிப் படிக்கிறவன்.

"அனுப்புலே. எனக்க கருப்பட்டி தின்ன எறும்பு, உன்னைவிட நல்லா ஜெயிக்கும்" என்பார் இவர்.

கொல்லம் ஆயிரத்து நூற்று ஏழாம் ஆண்டு பாடசாலைக்குப் பொன்னான ஆண்டு. பரீட்சைக்குப் போனவர்களில் ஒருவனைத் தவிர அத்தனை பேரும் ஜெயித்தார்கள். ராஜையன் ராஜ்யத்திலேயே முதலாவதாக வந்தான். பாடம் சொல்ல இன்னொரு வக்கீல் சேர்ந்தார். களியக்காவிளையிலிருந்தும் இரணியலிலிருந்தும் ஆள் வந்து குவிந்ததில், மச்சுப் படியில் உட்கார்ந்து படிக்கவேண்டியதாயிற்று. முத்துநாயகம் சந்தைக்குச் சந்தை இதைச் சொல்லித் திரிந்தார். "எனக்க பிள்ளைய எல்லாம் பாஸாயாச்சு, கேட்டீரா?" கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் மனை கொடுத்தார், புதுக் கட்டிடம் எழும்பியது. அதற்குள்ளே ஜட்ஜி மேடை, கூண்டு எல்லாம் வைத்து, கேஸ் நடத்திப் பழக ஒரு மாதிரிக் கோர்ட்டே கட்டினார்கள். அதையும் அவர்தான் ஊரெல்லாம் சொன்னார். அந்தக் கட்டிடம் எழும்பினால் தன் மச்சு காலியாகும் என்பது அவருக்கு உறைத்தபோது ஓடு வேய்ந்தாகிவிட்டது.

பெஞ்சும் அலமாரியும் வண்டியில் ஏறின. கிருஷ்ணமணி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "போங்க போங்க. மச்சில எனக்குச் சரக்கு அடுக்க வேணும், எத்தனை நாளாக்கும் பொறுத்துக்கிட்டு இருக்கது" என்றார் முத்துநாயகம். ஒரு பெட்டி சரக்குகூட அவர் மேலே ஏற்றவில்லை. அலமாரி நின்ற இடத்தில் நாலு சிரட்டையும் அப்படியே கிடந்தன.

சாயங்காலம் அதே ஓலைப்பெட்டியில் உட்கார்ந்தார். மேலே பல்லி ஓடினால்கூடக் கேட்டது.

ஆண்டுவிழா வரப்போகிறது, ஜட்ஜி ஒருவர் வருகிறார் என்று சந்தையில் பேச்சு அடிபட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு நினைப்பு. அந்தப் புதுக் கட்டிடத்தில் தனக்கு ஒரு நாற்காலி உண்டா, இல்லையா? இருந்தால் இத்தனை வருஷம் கீழே உட்கார்ந்து கேட்டதற்கு ஓர் அர்த்தம் உண்டு. இல்லையென்றால் அவர் வெறும் கருப்பட்டிக்காரர். வாய்விட்டுக் கேட்டுவிடலாம். ஆனால் கையேந்தி எதையும் வாங்கிப் பழகாத மனிதர் அழைப்பை மட்டும் கேட்டு வாங்குவாரா?

விழாவுக்கு முந்தின நாள் ராஜையன் ஓட்டமும் நடையுமாக வந்தான். பந்தல் வேலை, நாற்காலி வேலை எல்லாம் அவன் தலையில். வாசற்படிகூட ஏறவில்லை.

"மொதலாளி, நாளைக்கு மூணு மணிக்கு வந்திரணும். ஜட்ஜி முன்னால ஒரு கேஸ் நடத்திக் காட்டப் போறோம். முதல் பிரதி நீங்கதான். சார் சொல்லச் சொன்னாரு."

போய்விட்டான். அந்த வருஷத்தின் வெற்றிகளையெல்லாம் ஆண்டறிக்கை என்று ஒரு சிறு புத்தகமாக அச்சடித்திருந்தார்கள். அச்சான புத்தகம் ஒவ்வொன்றையும் பிரதி என்பது கிழக்கத்தித் தமிழ். முதல் புத்தகத்தை ஜட்ஜி கையிலும் கொடுக்காமல் முத்துநாயகம் கையில் கொடுப்பது என்று கிருஷ்ணமணி முடிவு செய்திருந்தார். ராஜையன் சொல்ல வந்தது அதைத்தான்; அவசரத்தில் 'வாங்குறது' என்ற சொல்லை விழுங்கிவிட்டான். ஆனால் கேட்டவர் புத்தகத்தோடு வளர்ந்தவர் இல்லை. கோர்ட்டு வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டு வாழ்ந்தவர்.

தெருவில் வண்டி ஓட்டிய கதையை ஒரு மழைநாளில் இந்தப் பயல்களுக்கு அவரே சொல்லியிருந்தார். கூண்டில் நின்று ஜட்ஜியைக் கண்ணுக்குக் கண் பார்த்ததாகவும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அதைத்தான் நாடகமாக்கி, ஜட்ஜி முன்னால் தன்னையே ஒண்ணாம் பிரதியாகக் கூண்டில் ஏற்றி வேடிக்கை காட்டப்போகிறார்கள் என்று தீர்மானித்துக்கொண்டார். மச்சில் படித்து மேலே போனவர்களுக்குக் கீழே இருந்தவன் வேடிக்கைதானே.

போவதில்லை என்று முடிவு செய்தார். மறுநாள் வழக்கம்போலக் கடை திறந்தார். வெள்ளைச் சட்டை போட்ட வாலிபர்கள் கூட்டமாகப் போனார்கள். சந்தை ஆட்களும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். மத்தியானம் தெரு வெறிச்சென்று ஆயிற்று. வாங்க ஆளில்லை, வையக்கூட ஆளில்லை. எழுந்து மச்சுக்குப் போனார். சிரட்டைகள் காய்ந்து கிடந்தன. சன்னல் கட்டையில் எவனோ பேனாக்கத்தியால் தன் பெயரைச் செதுக்கிவைத்திருந்தான். அதை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பிரதியாகவாவது கூப்பிட்டார்களே என்று அப்போதுதான் தோன்றியது. யாருக்கும் வேண்டாதவனுக்குக் கூண்டுகூடக் கிடையாது.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேலே துண்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனபோது கிருஷ்ணமணி மேடையில் நின்று அந்த வருஷத்து வெற்றிகளை வாசித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முத்துநாயகம் அதைப் பார்க்கவே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது கூண்டு ஒன்றுதான். சபையின் நடுவே நடந்துபோய் நேராக அதில் ஏறி நின்றார். தோள்துண்டை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எவனாவது வரட்டும், பார்ப்போம்.

வாசிப்பு நின்றது. சபை திரும்பிப் பார்த்தது.

"மொதலாளி, அங்க எதுக்கு ஏறி நிக்கீரு?" என்றார் கிருஷ்ணமணி.

"ஒண்ணாம் பிரதி பின்ன எங்கய்யா நிக்கும்? குத்தம் என்னான்னு வாசியும். கேட்டுட்டுப் போறேன்."

கிருஷ்ணமணி ராஜையனைப் பார்த்தார். ராஜையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பிச் சபையெல்லாம் பரவியது. ஜட்ஜியும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்காதவர்கள் கூண்டில் நின்றவரும் கிருஷ்ணமணியும் ராஜையனும்தான். கிருஷ்ணமணி மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, கூண்டுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பிரதின்னா இதாக்கும் மொதலாளி, அச்சடிச்ச பொஸ்தகம். பாஸானவன் பேரு எல்லாம் இதில உண்டு. அத்தனை பேரும் ஒம்ம மச்சில இருந்து எறங்கி வந்தவன். மொதல்ல ஒமக்க கையில தரணும்னாக்கும் கூப்பிட்டேன்."

முத்துநாயகம் புத்தகத்தை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எழுத்துகள் பொடியாக இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு சபையைப் பார்த்துச் சொன்னார்:

"கேசானாலும் பொஸ்தகமானாலும் ஒண்ணாமது நான்தானாக்கும்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அவரைக் கைப்பிடித்து இறக்கி முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ராஜையன் வந்து மன்னிப்புக் கேட்டான். தலையில் ஒரு குட்டு வைத்தார். மாதிரிக் கேஸ் நடந்தது. அவர் கீழேயிருந்து கேட்டதையெல்லாம் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். சாட்சி உளறியபோது எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார்.

விழா முடிந்ததும் ஜட்ஜியைச் சுற்றி ஒரு கூட்டம், கிருஷ்ணமணியைச் சுற்றி ஒரு கூட்டம். ராஜையன் திருவனந்தபுரம் போவதைப் பற்றி யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். முத்துநாயகம் சற்றுநேரம் நின்று பார்த்தார். முன்பெல்லாம் பாடம் விட்டால் அத்தனை பேரும் அவர் கடை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். இப்போது தங்குமிடத்துக்கு வேறு வழி. கடைப்பக்கமாகத் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

வெளிச்சம் மங்குமுன் மச்சுக்கு ஏறினார். கீழேயிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிவந்து அலமாரி இருந்த இடத்தில் வைத்தார். மூன்று காலையும் மூன்று சிரட்டையில் இறக்கித் தண்ணீர் ஊற்றினார். புத்தகத்தை முக்காலிமேல் வைத்தார். நாலாவது சிரட்டை மிச்சமாயிற்று. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

பிறகு, அந்தக் காலத்துச் சேவகனைப்போல் குரலை இழுத்து, "ஒண்ணாம் பிரதி முத்துநாயகம்" என்று கூவினார். பலகைச் சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வந்தது. கீழே இருட்டில் யாராவது சிரிப்பார்களோ என்று காதுகொடுத்தார்.

"இஞ்ச உண்டு" என்று அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

காலையில் பார்த்தபோது சிரட்டைகளில் தண்ணீர் குறைந்திருந்தது. காய்ந்த முக்காலிக் கால் ஈரம் குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினார். அதற்குப் பிறகு கடை திறப்பதற்கு முன்னால் அது அவருக்கு ஒரு வேலையாயிற்று.