அன்னம்மாவோடு பதினொரு நாள்

சபையாரே, என் மனைவி அன்னம்மா செத்துக்கொண்டிருந்தபோது நான் அவளோடு கதைக்கவில்லை. அதைச் சொல்லாமல் என் சாட்சியைச் சொல்ல ஏலாது. அதனால் முதலில் அதையே எழுதிவிடுகிறேன்.

1942 தை மாதம் டொக்டர் என்னை வெளியே கூட்டிப்போய், ஈரல் கெட்டுவிட்டது, இனி மருந்தில் பிரயோசனம் இல்லை, சித்திரையைத் தாண்டமாட்டா என்றார். வயிறும் காலும் வீங்கி அவள் கட்டிலோடு கிடந்தாள். நான் துறைமுகத்தில் கயிறு, பாய் வைக்கும் ஸ்டோரில் காவலாள். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவன். டொக்டர் என்ன சொன்னாலும் கர்த்தர் சுகமாக்குவார் என்று பிடித்துக்கொண்டேன். காலையும் மாலையும் முழங்காலில் நின்றேன். உயிர்த்தெழுந்த திருநாளுக்கு அவள் எழும்பி என்னோடு கோயிலுக்கு வருவாள் என்று கர்த்தருக்கே நாளும் குறித்துக் கொடுத்தேன்.

அன்னம்மாவுக்கு விசயம் விளங்கிவிட்டது. எங்கே அடக்கம் செய்வது, கோழிகளை யாருக்குக் கொடுப்பது என்று மெல்லத் தொடங்குவாள். நான் கையைக் காட்டி நிறுத்துவேன். அது அவிசுவாசம், அப்படிக் கதைத்தால் ஜெபம் கெட்டுவிடும் என்பேன். அவள் வாயை மூடிக்கொள்வாள்.

யுத்தம் கிட்ட வர, மாசியில் இருட்டடிப்புச் சட்டம் இறுகியது. ஜன்னலால் ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியக்கூடாது என்று, காவலுக்குப் போட்ட வோர்டன் வீடு வீடாக வந்து சொல்லிப் போனார். கடைகளில் கறுப்புத் துணி ஒரு முழமும் இல்லை. நான் அலுமாரியைத் திறந்தேன். அன்னம்மாவின் கூறைச்சேலை இருந்தது. எங்கள் பெண்கள் கலியாணத்துக்கு உடுத்த கூறையை மடித்து வைப்பது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய கடைசி உடுப்பும் அதுதான். அந்தச் சிவப்புப் பட்டை நாலாக மடித்து, அவள் கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். இனி இது உனக்குத் தேவைப்படாது, கர்த்தர் உன்னை எழுப்புவார் என்றேன். விசுவாசத்தில் செய்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திருநாள் வந்தது. அவள் எழும்பவில்லை. அன்றுதான் கொழும்பில் எதிரி விமானங்கள் குண்டு போட்டன. அடுத்தது எங்கள் துறைமுகம்தான் என்று சனம் மூட்டை கட்டத் தொடங்கியது. போதகரும் போனார். பகலில் அன்னம்மாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணும் போனாள். கிண்ணியாவிலிருந்து விறகு கொண்டுவரும் காசிம் நானா, வண்டியில் வைக்கோல் போட்டுத் தருகிறேன், நோயாளியை ஏற்றுங்கள் என்றார். குலுக்கத்தில் உயிர் போய்விடும் என்று நான் மறுத்துவிட்டேன். புதன்கிழமை எங்கள் ஒழுங்கையில் புகை எழும்பியது எங்கள் குசினியில் மட்டும்தான்.

அன்று பின்னேரம் நான் முழங்காலில் நிற்கும்போது அன்னம்மா கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் நெடுக ஆண்டவரோட கதைக்கிறியள். என்னோட ஆர் கதைக்கிறது? நான் போகப்போறன் எண்டு எனக்குத் தெரியும். தனியவே போகச் சொல்றியள்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் எழும்பி வெளியே போனேன். அடுத்த நாள் காலையிலும் ஒரு வார்த்தை பேசாமல், தண்ணீர்க் குடத்தைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சித்திரை ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை. ஸ்டோரைத் திறந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, சங்கு ஊதியது. பதுங்குகுழிக்குள் குதித்தேன். நிலம் தூக்கித் தூக்கிப் போட்டது. வாய் நிறைய மண். சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி தீப்பற்றி வானம் கறுத்துவிட்டது. அந்தக் குழிக்குள் எனக்கு என் உயிர் பெரிதாகத் தெரியவில்லை. தனியவே போகச் சொல்றியளா என்று அவள் கேட்டதுதான் காதில் நின்றது. மூன்று மாதம் பாடமாக்கிய ஜெபம் எல்லாம் மறந்துபோயிற்று. புதிதாக ஒன்று வந்தது.

"ஆண்டவரே, அவளைச் சுகமாக்கும் எண்டு இனிக் கேட்கேல்லை. நான் போய்ச் சேருமட்டும் அவள் இருக்கட்டும். அவள் சொல்ல வந்ததை நான் கேட்க வேணும்."

குண்டு ஓய்ந்ததும் ஓடினேன். எங்கள் வீடு உப்புவெளி போகிற றோட்டில், துறைமுகத்திலிருந்து நல்ல தூரம். எதிரே மிச்சமிருந்த சனம் பாயும் பிள்ளையுமாக ஓடிவந்தது. எங்கள் வீட்டு ஓட்டில் பாதி கீழே கொட்டிக் கிடந்தது. அன்னம்மா மேலெல்லாம் தூசியோடு, கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"சொல்லு அன்னம்மா. நான் எங்கயும் போகேல்லை" என்றேன்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு பதினொரு நாள் கதைத்தோம். ஊரில் எங்களைக் குழப்ப ஒருவரும் இல்லை. நாயும் காகமும்தான். பெரிய விசயங்கள் என்று நினைக்காதேயுங்கோ. சொதிக்கு எப்போது உப்புப் போடுவது, தேங்காய்ப்பாலைக் கொதிக்க விடக்கூடாது என்று படுத்த படுக்கையில் எனக்குச் சமையல் படிப்பித்தாள். நான் வைத்ததை ஒரு கரண்டி ருசி பார்த்து, இதைச் சாப்பிட்டால் நீங்கள் எனக்குப் பின்னால் கெதியாய் வந்துவிடுவியள் என்று சிரித்தாள். பயமாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். இருட்டுக்கு இல்லை, நீங்கள் வெறும் வீட்டுக்குள் என்ன செய்வீர்கள் என்றுதான் பயம் என்றாள்.

எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை. பிறக்கும்போதே உயிர் இல்லை. பெயர் வைக்காமல் அடக்கம் செய்தோம். அதைப் பற்றியும் நான் இருபது வருசமாக அவளைப் பேச விட்டதில்லை. தான் அவனுக்கு மனதுக்குள் சாமுவேல் என்று பெயர் வைத்திருந்ததாக அன்னம்மா சொன்னாள். ஒவ்வொரு வருசமும் அவன் வயதைக் கூட்டிப் பார்ப்பாளாம். என்னை அவனுக்குப் பக்கத்தில் வையுங்கோ என்றாள். நான் ஓம் என்றேன்.

ஜன்னலில் ஆணியைப் பிடுங்கிக் கூறையைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். கரையெல்லாம் ஓட்டை. மன்னிப்புக் கேட்டேன். அவள் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆண்டவர் ஒண்டும் சொல்லமாட்டார். அவருக்கும் ஆணித் தழும்பு இருக்குத்தானே."

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, என் கை அவள் கையில் இருக்க, மூச்சு மெல்ல மெல்ல நின்றது. கூறையை நானே உடுத்திவிட்டேன். விறகு வண்டியோடு நிலைமை பார்க்க வந்த காசிம் நானா ஸ்டோர்ப் பெட்டிப் பலகையில் சவப்பெட்டி அடிக்க உதவினார். அவரும் நானும் குழி வெட்டினோம். சாமுவேலுக்குப் பக்கத்தில் அவளை வைத்தேன். போதகர் இல்லாததால் ஜெபத்தையும் நானே சொன்னேன். காசிம் நானா சால்வையைக் கழுத்தில் போட்டபடி தள்ளி நின்று அழுதார்.

அதன்பிறகு வந்த மாதங்கள் எப்படிப் போயின என்று கேட்காதேயுங்கோ. ஒரு கோப்பை, ஒரு பாய். சிலநாள் என் குரலே எனக்குப் புதிதாய்க் கேட்கும். அழுகை வந்தால் அழுவேன். ஆனால் கர்த்தரோடு கோபம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு இருக்கிறது, அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று பழகிவிட்டேன். இப்போது யுத்தமும் முடிந்துவிட்டது. நோயாளிகள் உள்ள வீடுகளுக்குப் போய் வருகிறேன். அங்கே நான் ஜெபிப்பது கொஞ்சம், கேட்பது அதிகம்.

அன்னம்மா பிழைக்கவில்லையே, பிறகு என்ன சாட்சி என்று போன கிழமை ஒரு சகோதரர் கேட்டார். நான் பதுங்குகுழிக்குள் கேட்டதை அப்படியே அவருக்குச் சொன்னேன். நான் வீடு போய்ச் சேருமட்டும்தான் விண்ணப்பம் போட்டேன். கர்த்தர் பதினொரு நாள் தந்தார்.

ஆகவே சபையாரே, அவரை நம்புங்கள். உங்கள் வீட்டில் யாராவது தன் கடைசியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் ஜெபத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் இருங்கள். கர்த்தர் காத்திருப்பார். அவருக்கு நேரம் இருக்கிறது. அவர்களுக்கு இல்லை.