கொழும்பில் சொல்ல வைத்திருந்த சாட்சி

எங்கள் சபை இசைக்குழு கச்சேரி ஊழியத்துக்காகக் கொழும்பு புறப்பட்டிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டதால் வேன் திரேஸ்புரத்தில் நிற்கிறது. மீன் ஏலம் முடிந்த ஈரத் தரையில் சாமுவேல் ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் என் வயதுதான். ஒருகாலத்தில் எங்கள் குழுவின் முதல் வயலின் அவன்.

குழு முதன்முதலாக வெளிநாடு போனபோது, அவன் குடித்துவிட்டு ஒத்திகைக்கு வருகிறான் என்று போதகரிடம் சொன்னேன். அது பொய். அவன் இடத்தில் நான் போனேன். அதன்பின் அவன் கோயில் பக்கமே வரவில்லை.

இதை அவனிடமே சொல்லிவிட்டு, "கொழும்புல மேடையேறி சாட்சி சொல்லும்போது எல்லார் முன்னாலயும் ஒத்துக்கப் போறேன்" என்கிறேன்.

சாமுவேல் தலை நிமிராமலே சிரிக்கிறான். "ஏலே, அங்கன என்னைய எவனுக்குத் தெரியும்? கடலத் தாண்டிப் போயி சொல்லுதியாக்கும்! இங்கனதான என் பேரக் கெடுத்த? இங்கன சொல்லு."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். "பிளைட்டுக்கு நேரமாச்சு, ஏறுங்க அண்ணாச்சி."

நான் ஏறவில்லை. வேனின் கதவை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் இறங்கி வாங்க" என்கிறேன். என் வயலின் பெட்டியை மடியில் வைத்திருந்த போதகர்தான் முதலில் இறங்குகிறார்.

எனக்குப் பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம் நிற்கிறது.