எட்டில் செவ்வாய்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரம் எப்போதும் பதினைந்து நிமிஷம் முன்னால் ஓடும். அப்பாவுக்குக் கோட்டைப் பக்கம் ஆபீஸ். டிராமைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அவரே முள்ளைத் தள்ளி வைத்திருந்தார். பதினைந்து நிமிஷத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், இருந்தாலும் தினமும் அதைப் பார்த்துப் பதறிக்கொண்டுதான் செருப்பை மாட்டுவார். அந்தப் பதினைந்து நிமிஷம் என்னை என்ன செய்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வயது முடிந்து நான் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். மயிலாப்பூரில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் நடந்தது. ஜாதகத்தை வெளியே எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே வண்டி நின்றுவிட்டது. எனக்குக் கும்ப லக்கினம், எட்டாம் வீடான கன்னியில் செவ்வாய். பெண்ணுக்கு எட்டாமிடம் மாங்கல்ய ஸ்தானம். அங்கே செவ்வாய் உட்கார்ந்திருந்தால் கட்டுகிறவனுக்கு ஆயுசு கெட்டியில்லை. அதே தோஷம் உள்ள பையன்தான் பொருந்துவான் என்றார் ஜோசியர். இரண்டு வரன்கள் வந்தன, இரண்டும் செவ்வாயில் முட்டித் திரும்பின.

ஏறக்குறைய ஒரு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். வாசலுக்குப் போகக் கூடாது, ஜன்னலோரம் நிற்கக் கூடாது. கிணற்றடிக்கு மேலே தெரிந்த சதுர வானம்தான் எனக்கு வெளியூர். மூச்சு முட்டியது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான் இருந்தது. அந்த வருஷம்தான் நெப்டியூனுக்கு அப்பால் ஒன்பதாவதாக ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அப்பா படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒம்போதுன்னு நம்ம பெரியவா எப்பவோ சொல்லியாச்சு. வெள்ளைக்காரனுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

வரன் அமையாத பெண்ணை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கே சலித்துப் போயிருக்க வேண்டும். ஒரு நாள் அம்மா சாதம் பரிமாறும்போது, ஏதாவது அமைகிற வரைக்கும் அவள் படிக்கட்டுமே என்று மெதுவாகச் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து ஆயா எங்கள் வாசலிலும் வந்து நின்றாள். நொச்சிக்குப்பத்துக்காரி. தெருத்தெருவாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வரிசையாக நடத்திக் கூட்டிப்போவது அவள் வேலை.

"இன்னா பாப்பா, ரெடியா கீறியா?" என்று அவள் கேட்கிற குரலுக்காக நான் விடிந்ததிலிருந்து காத்திருப்பேன்.

நாலாம் பாரத்தில், இப்போதைய ஒன்பதாம் வகுப்பில், கிரகங்களைப் பற்றிய பாடம் வந்தது. டீச்சர் கரும்பலகையில் சூரியனை நடுவில் போட்டு, சுற்றிலும் வட்டங்கள் வரைந்தாள். சூரியனை ஒட்டிப் புதன், எண்பத்தெட்டு நாளில் ஒரு சுற்று. பிறகு வெள்ளி. மூன்றாவது நாம். நாலாவது செவ்வாய். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் பொடியும் கல்லுமாக ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. வியாழனுக்குள் ஆயிரம் பூமிக்கு மேல் போட்டு அடைக்கலாம். சனி ஒரு சுற்று முடிக்க இருபத்தொன்பதரை வருஷம். வால் நட்சத்திரம்கூட எங்கோ ஓடிவிட்டதென்று நினைத்தால், சூரியன் இழுத்த இழுப்புக்குத் திரும்பி வந்துவிடுகிறது. தப்பித்துப் போகவும் முடியாது, போய் விழுந்து தொலைக்கவும் முடியாது, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்கு ஏனோ அம்மாவின் ஞாபகம் வந்தது.

செவ்வாய் பற்றிய பக்கத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. பூமியின் குறுக்களவில் பாதிதான் இருக்கும். பெயருக்கு இரண்டு பொடிச் சந்திரன்கள். சிவப்பாகத் தெரிவதற்கு ரத்தமோ கோபமோ காரணம் இல்லை, அது துருப்பிடித்த மண். சூரியனை ஒரு தடவை சுற்ற அறுநூற்று எண்பத்தேழு நாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். நான் பிறந்த பிறகு அது எட்டாவது சுற்றில் இருந்தது. நான் நாலு மாட வீதியையும் பள்ளிக்கூடத்தையும் தாண்டிப் போனதில்லை.

அப்படிப்பட்ட செவ்வாய்க்காகத்தான் வாராவாரம் செவ்வாய்க்கிழமை கோயிலில் நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றினேன். அங்கேயும் சூரியன் நடுவில்தான் நிற்கிறார், அதில் சண்டையில்லை. ஆனால் பூமியைச் சுற்றுகிற சந்திரனும் கிரகமாக நிற்கிறது. ராகு கேது என்று போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பொருளும் கிடையாது, சந்திரன் போகிற பாதை சூரியன் பாதையை வெட்டுகிற இரண்டு இடங்கள், அவ்வளவுதான். நாம் காலூன்றி நிற்கிற பூமியை மட்டும் காணோம். அம்மா ஸ்லோகம் சொல்லிக்கொண்டு முன்னால் போவாள். நான் பின்னால் டீச்சர் சொன்ன வரிசையை முணுமுணுத்துக்கொண்டு போவேன். பார்க்கிறவர்களுக்கு நல்ல பக்தியுள்ள பெண்ணாகத் தெரிந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துக்கு வந்தேன். பங்குனியில் கடைசிப் பரீட்சை. அதை எழுதிவிட்டால் டீச்சர் டிரெயினிங் போகலாம் என்று எனக்குள் ஒரு எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை சொன்னேன். அவள் எனக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

ஐப்பசியில் பக்கத்து வீட்டில் கல்யாணம். பெண்ணுக்குப் பூச்சூட்டும்போது தட்டை எடுத்துக் கொடுக்க நான் கை நீட்டினேன். பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி சிரித்த முகத்தோடு அந்தத் தட்டை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள். கூடியிருந்த அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்திருந்தது. எங்கோ கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் சுற்றுகிற துருப்பிடித்த உருண்டை ஒன்று, பார்த்தே இராத ஒருவனை என் மூலமாகக் கொல்லுமாம். அன்றைக்கு நான் பேசாமல் பள்ளிக்கூடப் பாடத்தோடு இருந்திருக்க வேண்டும். எனக்கோ அவர்கள் கணக்கிலேயே அவர்களை மடக்க வேண்டும் என்ற வெறி.

பழைய பஞ்சாங்கங்களை அப்பா பரணில் கட்டி வைத்திருந்தார். நான் பிறந்த வருஷத்தை இறக்கினேன். நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம் என்று பெருக்கி லக்கினங்களை மணியாக மாற்றினேன். ஜாதகத்தில் நான் பிறந்தது தை மாதம், காலை எட்டு மணி ஐந்து நிமிஷம். என் கணக்குப்படி அன்று எட்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போதுதான் மகரம் முடிந்து கும்பம் பிறக்கிறது. நான் விளிம்பில் பிறந்தவள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த மாதம் தஞ்சாவூரிலிருந்து அத்தை வந்திருந்தாள். நான் பிறந்தபோதும் அவள்தான் துணைக்கு வந்தவள். யார் மணி பார்த்தது என்று கேட்டேன்.

"நான்தாண்டி. மருத்துவச்சி பொண்ணுன்னு குரல் குடுத்தா. கூடத்துக் கடியாரத்தைப் பார்த்து எட்டு அஞ்சுன்னேன். உங்கப்பா எழுதிண்டான்."

ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்தக் கடிகாரத்தின் குணம் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்பா பதற்றத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். தாமே தள்ளி வைத்த பதினைந்து நிமிஷத்தை என் விஷயத்தில் கழிக்க மறந்துவிட்டார். நான் பிறந்தது ஏழு ஐம்பதுக்கு. மகர லக்கினம். மகரத்திலிருந்து எண்ணினால் கன்னி ஒன்பதாம் வீடு, தோஷமே கிடையாது.

அடுத்த நாள் காலை அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் காகிதத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கணக்கை வரி வரியாகச் சொன்னேன். எவ்வளவு கர்வத்தோடு சொன்னேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. அம்மா ரசப் பாத்திரத்தோடு கதவருகே நின்றுவிட்டாள். அப்பா பிசைந்த கையோடு கடிகாரத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்மாத்துப் பொண்ணு கெட்டிக்காரி," என்றார். அன்றைக்கு டிராமைத் தவறவிட்டார்.

மறுநாள் ஜோசியர் வந்து கணக்குச் சரி என்றார். இரண்டே வாரத்தில் தியாகராய நகர் வரன் ஒன்று பொருந்திப் போயிற்று. தையில் முகூர்த்தம். பரீட்சை எழுதிவிட்டுக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். பங்குனிக்கு ஒத்திப்போட்டால் பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள், இனிமேல் பரீட்சை எதற்கு என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ஆயா வந்தாள். நான் கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"இன்னாம்மா, பாப்பா வரலியா? பரிச்ச கீதே."

"இனிமே வரமாட்டா. நீ மத்தவாளை அழைச்சுண்டு போ," என்றாள் அம்மா.

கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா எனக்குத் தலை பின்னினாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள்.

"எட்டுல செவ்வாய்னு ஜோசியர் சொன்ன அன்னிக்கே எழுதின மணி தப்புன்னு எனக்குத் தெரியும். உன்னைப் பெத்துண்டு உள்ளே கிடந்தவளுக்கு அந்தக் கடியாரம் எத்தனை முன்னாடி ஓடும்னு தெரியாதா?"

"ஏம்மா சொல்லலை?"

"சொல்லியிருந்தா பதிமூணு வயசுல கல்யாணம் முடிஞ்சிருக்கும். வாயை மூடிண்டு மூணு வருஷம் ஓட்டிட்டேன். இன்னும் ரெண்டு மாசம்தாண்டி பாக்கி இருந்தது."

எனக்கு வாய்த்தவர் நல்ல மனுஷர், எழுபத்தைந்து வயது வரை இருந்தார். புகார் சொல்ல ஒன்றுமில்லை. தியாகராய நகர் வீட்டுக் கடிகாரம் ஒரு நிமிஷம்கூடப் பிசகாது. பங்குனியில் அது பத்து அடித்தபோது நான் சமையலறையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். இப்போது கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த மடலை உரித்தேன்.