எனக்கு இரண்டாம் முறை வந்த காமாலை

எனக்கு முதல் முறை வந்த காமாலை உண்மையானது. அதைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான்காம் வகுப்பின் அரைப் பரீட்சையிலிருந்து என்னைக் காப்பாற்றியது அதுதான்.

அப்போது நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்து, வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா அவருக்குக் கைமடி. அதாவது, மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து துணியை மடித்து எடுத்துக் கொடுக்கிற ஆள். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் வேலை ஓடாது. அம்மாவுக்கோ மடித்துக் கொடுத்தே அலுத்துப் போயிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் மிஷினில் தைத்துப் பழகி, கை தேறியும் விட்டாள். அடுத்த மாதம் அவளுக்கென்று தனி மிஷின் தருவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். வீட்டில் எந்நேரமும் அந்த மிஷின் பேச்சுதான். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எனக்குச் சோற்றைக் கண்டால் குமட்ட ஆரம்பித்தது. என் கண்ணை முதலில் கவனித்தவர் வீட்டுக்கார அம்மா.

“ஏனம்மிணி, கொழந்தைக்குக் கண்ணெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்குது, பாக்கலீங்களா?”

சோதித்துப் பார்க்கும் வழியையும் அவரே சொன்னார். ஒரு கிண்ணத்தில் என் சிறுநீரைப் பிடித்து, நாலு பருக்கை சோற்றைப் போட்டு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சோறு மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துச் சொன்னதும் அதையேதான். கொதிக்க வைத்த தண்ணீர், எண்ணெய் இல்லாத சாப்பாடு, முழு ஓய்வு என்றார் டாக்டர்.

அம்மா லீவு போட்டாள். ஜோடி இல்லாததால் முதல் நாலு நாள் அப்பாவும் வீட்டில் இருந்தார். பகல் வெளிச்சத்தில் இருவரையும் ஒன்றாகப் பார்ப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் கிடைக்கிற பாக்கியம். அன்றும் அவர்கள் தூங்கி வழிவார்கள். இப்போதோ, அப்பா கரும்பை வெட்டித் துண்டு துண்டாக ஊட்டினார். அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, குடித்ததற்காகக் கொஞ்சினாள். மூவரும் தாயம் விளையாடினோம். நோயாளியின் காயை வெட்டக் கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டேன். எல்லா ஆட்டத்திலும் நானே ஜெயித்தேன்.

பிறகு அப்பா வேறொரு கைமடியைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். அம்மா என்னோடு இருந்தாள். சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே, “மிஷினு இருக்கா?” என்பாள். “இருக்கு, இருக்கு” என்பார் அவர். அவ்வளவு கனமான மிஷின் எங்கே எழுந்து போய்விடும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் வாரம் டாக்டர் என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகலாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவும் அன்றைக்கே புது மிஷினில் உட்காருவதாக ஏற்பாடு. ஞாயிறன்று கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல நல்ல சேலையை எடுத்து வைத்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

விடிந்ததும், “எதுக்கும் இன்னொரு தடவை சோத்தப் போட்டுப் பாத்துருவோமே” என்று அக்கறையாகச் சொன்னேன். கிண்ணத்தோடு போகும்போது அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் என்னோடு வந்தது. சிட்டிகை போதுமா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து ஒரு ஸ்பூன் அள்ளிக்கொண்டேன்.

அப்பா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். “ஏட்டி, இது காமாலை இல்ல. எலுமிச்சஞ்சோறுல்லா!”

அம்மா என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். விரலெல்லாம் மஞ்சள். முதுகில் விழப்போகும் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். உட்கார்ந்து சிரித்தாள், எழுந்து சிரித்தாள், எனக்குத் தலை பின்னும்போதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, தூக்குச்சட்டியோடு விடுவிடுவென்று கம்பெனிக்கு நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. பெற்ற பிள்ளையின் மேல் துளியும் பாசமில்லாதவள் என்று முடிவு கட்டியிருந்தேன். பிள்ளை பிழைக்க வேண்டும், மிஷின் கைநழுவிப் போகாமல் இருக்க வேண்டும் என்று மூன்று வாரமாக அவள் பயந்துகொண்டே எனக்குத் தாயம் உருட்டியிருக்கிறாள். பிள்ளை திருட்டுத்தனம் பண்ணும் அளவுக்குத் தேறிவிட்டது, மிஷினும் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே காலையில் கிடைத்தவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், என்னை விட்டுவிட்டுச் சந்தோஷமாக ஓடுகிற ஓர் அம்மா மட்டும்தான்.