பெரியசாமி கூட யாரு?

ஈப்போவில் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டிய மனிதர் ஓய்வு பெற்றதும் என்ன செய்வார்? காலை நீட்டிப் படுப்பார், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், மிஞ்சிப்போனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போவார். பெரியசாமி திண்டிவனத்துக்கு வந்து பஸ் ஏறினார்.

வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அவருடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தவிப்பும் இல்லை. மனைவி தவறிய மறுவருஷம் ஒரு கோயில் சுற்றுலாக் கூட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தார். திண்டிவனம் வந்ததும் வண்டி மக்கர் பண்ணிவிட்டது. அன்று பகல் முழுக்க பஸ் நிலையத்தில் கிடக்க வேண்டியதாயிற்று. கூட வந்தவர்கள் வெயிலையும் ஈயையும் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் திருவிழாப் பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் கிளம்புவதற்குள் இன்னொன்று வந்து நிற்கிறது. செஞ்சி, வந்தவாசி, மரக்காணம், புதுச்சேரி என்று கண்டக்டர்கள் கூவுகிறார்கள். ஓட்டுகிற பொறுப்பில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து இத்தனை ஊருக்கும் போய் வரலாமே என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசைக்கு வயசேது?

மரக்காணம் சாலையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார். கீழே வீட்டுக்காரர் சக்கரபாணியும் அவர் மனைவி கோவிந்தம்மாளும். பிரம்மதேசத்தில் நிலமிருக்கிறது, மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலை போடுகிறார்கள். மகள் பானுப்ரியா புதுச்சேரிக்கு வேலைக்குப் போக வர வசதியாக இருக்கட்டும் என்று திண்டிவனத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள். பெரியசாமி காலையில் பசியாறுவார். டிபன் சாப்பிடுவதற்கு அவர் ஊரில் அப்படித்தான் பெயர். 'பசியாறிட்டீங்களாம்மா?' என்று முதல்நாள் அவர் கேட்டபோது, இந்த மனுஷனுக்கு என்ன அப்படிப் பசியோ என்று கோவிந்தம்மாள் ஒரு தட்டு இட்லியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

பசியாறியதும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒரு நாள் வானூர், ஒரு நாள் ஓமந்தூர், மனசு சரியில்லாத நாளில் மரக்காணம் வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பிரம்மதேசம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் நடராசன், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டை அவருக்காகப் பிடித்து வைப்பார். வளைவில் டிரைவர் கொஞ்சம் தாமதமாக பிரேக் போட்டாலும் பெரியசாமியின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். 'சார் நிறுத்திட்டாருப்பா, நீ கெளம்பு' என்று நடராசன் கிண்டல் செய்வார்.

மற்றபடி தானுண்டு தன் ஜன்னலுண்டு என்று இருக்கிற மனிதர். யாரையும் எதற்கும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை. கொள்கையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும் வரைக்கும்தானே?

மார்கழியில் அவருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் வீங்கிக்கொண்டு வந்தது. இருமினால் புடைத்தது, படுத்தால் உள்ளே போனது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, குடலிறக்கம், சின்ன ஆபரேஷன், தள்ளிப்போட வேண்டாம் என்றார். பெரியசாமி அதற்கெல்லாம் கலங்கவில்லை. பையில் இரண்டு வேட்டியும் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றார். அங்கேதான் சிக்கல். நர்ஸ் இருதயமேரி அவரையும் பார்த்தாள், அவருக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லம்மா. நான்தான்."

"கூட ஆளில்லாம ஆபரேஷன் பண்ண மாட்டாங்க சார். கையெழுத்துப் போடணும், மருந்து வாங்கணும், கஞ்சி ஊத்தணும். சொந்தக்காரங்க ஒருத்தரக் கூட்டிக்கினு வாங்க."

தமிழ்நாட்டில் டாக்டரைப் பார்க்கப் போகிறவன் தனியாகப் போவதில்லை என்பது பாவம் அவருக்குத் தெரியாது. இங்கே பல்வலிக்கே மூன்று பேர் போவார்கள். ஒருவருக்கு வலிக்கும், ஒருவர் டாக்டரிடம் பேசுவார், ஒருவர் செருப்பைப் பார்த்துக்கொள்வார்.

அன்று சாயங்காலம் ஈப்போவிலிருந்து மகள் சங்கவி பேசினாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அங்க உங்களுக்கு யாருப்பா இருக்கா?" என்றாள். ஆள் கிடைக்காவிட்டால் உடனே விமானம் ஏறச் சொன்னாள். பெரியசாமிக்கு மகளைத் தெரியும். ஒருமுறை ஈப்போவுக்குப் போய்விட்டால் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். அப்புறம் வானூராவது, மரக்காணமாவது. கூட நிற்க ஒரு ஆள் கிடைத்தால் திண்டிவனம், கிடைக்காவிட்டால் ஈப்போ. அவ்வளவுதான் கணக்கு.

கீழ்வீட்டில் கேட்டிருக்கலாம். ஆனால் மாசியில் பானுப்ரியாவுக்குக் கல்யாணம். புடவை, பத்திரிகை, விழுப்புரத்தில் மண்டபம் என்று அந்த வீடே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் போய்க் கத்தி, தையல் என்று பேசுவதா? யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டக்டர் நடராசனைக் கேட்டார். அதுக்கென்னா சார், டூட்டி இல்லாத நாளாப் பாத்து வந்துடறேன் என்று நடராசன் ஒப்புக்கொண்டார். கீழ்வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று பெரியசாமி கேட்டுக்கொண்டார்.

ரகசியத்தை பஸ் கண்டக்டரிடம் சொல்வதும் ஊர் நடுவில் மைக் வைப்பதும் ஒன்றுதான். நடராசன் பொல்லாதவரில்லை. பிரம்மதேசத்தில் இறங்கிய ஒரே ஒரு பெண்மணியிடம், அதுவும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கண்டித்துத்தான் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலையில் பெரியசாமி பூனை மாதிரி மாடிப்படி இறங்கினார். கீழ்வீடு பூட்டியிருந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கட்ட விழுப்புரம் போயிருப்பார்கள், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நடராசனுக்காகக் காத்திருந்தார். நடராசனுக்குப் பதில் போன்தான் வந்தது. மாற்று ஆள் வரவில்லை என்று டிப்போவில் பிடித்து வண்டியேற்றிவிட்டார்களாம். அந்த மனிதர் குரல் அழாத குறையாக இருந்தது. பரவாயில்லை, விடுங்க என்று இவர்தான் ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டு போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பெரியசாமி கூட யாரு?" என்று இருதயமேரி கதவருகே நின்று கூப்பிட்டாள்.

வராந்தா பெஞ்சுகளில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் யாருக்கோ வந்தவர்கள். யாரும் எழவில்லை. பெரியசாமியும் திரும்பிப் பார்த்தார், தனக்கு யாராவது வந்திருப்பது போல. இருதயமேரி இன்னொருமுறை கூப்பிட்டாள். ஈப்போ வீட்டு அலமாரிதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழப்போனார்.

"இதோ, நாந்தான். படிக்கட்டு ஏறிக்கினு இருக்கறேன், அதுக்குள்ள என்னா அவசரம்?"

ஒயர் கூடையில் பிளாஸ்க்கும் டம்ளருமாகக் கோவிந்தம்மாள் வந்துகொண்டிருந்தாள். பின்னால் சக்கரபாணி, அக்குளில் ஒரு தலையணையோடு.

நீங்க அவருக்கு என்ன வேணும் என்று நர்ஸ் கேட்டாள். கோவிந்தம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கூடப் பொறந்தவ. இது எங்கண்ணன்." அவர் மலேசியா, நீங்க பிரம்மதேசமா என்று இருதயமேரி இழுத்தாள். "அவரு பொறந்தது அங்க, நான் பொறந்தது இங்க. உனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? கையெழுத்து எங்க போடணும்?" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள் கோவிந்தம்மாள். நர்ஸின் பார்வை சக்கரபாணி பக்கம் திரும்பியது.

"அப்ப நான் மச்சானுங்க" என்றார் சக்கரபாணி. "இவளுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லன்னு இத்தினி வருசம் நிம்மதியா இருந்தேன்."

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கோவிந்தம்மாள் கட்டிலோடு கூடவே நடந்து வந்தாள். "மாடியில இருக்கிற மனுசனுக்குக் கத்தி வைக்கறாங்கன்னு பஸ்ஸுல வந்த சேதியா நான் தெரிஞ்சிக்கணுமா?" என்று கேட்டாள். பெரியசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பயந்துவிட்டார் என்று நினைத்து இருதயமேரி தைரியம் சொன்னாள்.

ஆபரேஷன் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பட்ட பாடுதான் பெரும்பாடு. டாக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்றார். கோவிந்தம்மாள் ஒன்றும் கூடாது என்றாள். கத்திரிக்காய் ஆகாது, சீழ் வைக்கும். கருவாடு ஆகாது, அரிப்பெடுக்கும். வீடு நிறைய மல்லாட்டை மூட்டை, அதை வறுக்கிற வாசனை மாடி வரைக்கும் வருகிறது; ஒன்றைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்றாள். டாக்டர் சொன்னாரே என்று முனகிப் பார்த்தார். "அவரா வந்து ராத்திரி ஒன் கால அமுக்கப் போறாரு?" என்று ஒரே போடாகப் போட்டாள். அண்ணன் ஆனதிலிருந்து 'ங்க' போய்விட்டிருந்தது.

பஸ் ஏறக் கூடாது என்றதில் மட்டும் டாக்டரும் கோவிந்தம்மாளும் ஒரே கட்சி. பெரியசாமி மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நடராசனின் வண்டி வீட்டுக்கு நேரே வரும்போது வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போகும். உள்ளே இருக்கிறவர்கள் தலையை நீட்டிக் கையாட்டுவார்கள். பிரம்மதேசத்து ஜனங்கள் இறங்கி வந்தும் பார்த்தார்கள். வந்தவர்களெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வைத்துவிட்டுப் போனதில் மாடியில் ஒரு கடையே வைத்திருக்கலாம். சக்கரபாணி கீழிருந்தபடியே, "இன்னா மச்சான், இன்னுமா தூங்கிக்கினு இருக்கற?" என்று குரல் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் விழித்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார் பெரியசாமி.

ஆனால் சங்கவி விடவில்லை. ஒருமுறை தப்பித்தது போதும், தையல் ஆறியதும் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று மாசியில் வரத் தேதி குறித்துவிட்டாள். திரும்பிப் போக இரண்டு டிக்கெட். பெரியசாமி யாரிடமும் மூச்சு விடவில்லை. பழைய வழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகுமா?

ஒரு சாயங்காலம் கோவிந்தம்மாள் கேப்பைக் கூழைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முந்தானை நுனியைத் திருகினாள். அப்புறம் மெல்ல ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்கு அவள் ஒரே பிள்ளை. பானுப்ரியா பெரியவளானபோது தாய்மாமன் சீருக்கு ஆளில்லாமல் தூரத்து உறவில் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்கள். அவர் பந்தி ஆரம்பித்த பிறகு வந்து, போகிற வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இப்போது கல்யாணத்தில் மணப்பெண் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்" என்றாள். "சொன்னது சொன்னதாவே இருக்கட்டுமா, அண்ணே?"

பெரியசாமி கூழை எடுத்து ஒரு வாய் குடித்தார். அப்புறம், "குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரேம்மா" என்றார். அதற்கென்ன, பெண்ணை மணையில் உட்கார வைக்காமல் உயரமான நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம் என்றாள் அவள். எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

அப்போதுதான் அவர் டிக்கெட் விஷயத்தைச் சொன்னார். கோவிந்தம்மாள் திட்டவில்லை. போன் போடச் சொன்னாள். சங்கவி எடுத்ததும் பெரியசாமி, இங்கே எனக்குத் தங்கச்சி இருக்கா, உனக்கு அத்தை என்றார். "அப்பா, மயக்க மருந்து இன்னும் தெளியலையா?" என்றாள் சங்கவி. கோவிந்தம்மாள் போனை வாங்கி, வர்றதுதான் வர்ற, கல்யாணத்துக்கு வந்து சாப்ட்டுட்டு அப்புறம் கூட்டிக்கினு போ கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டாள். சொல்லிவிட்டாளே தவிர அன்று ராத்திரி அவளும் சாப்பிடவில்லை, இவரும் சாப்பிடவில்லை.

சங்கவி வந்தாள். வந்தவளுக்கு மாடியில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. மறுநாள் உறவுக்காரர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குக் கிளம்பிய வண்டியில் லீவு போட்டுவிட்டு நடராசனும் வந்திருந்தார். பெரியசாமிக்கு டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டு. அவர் மடியில் ஒரு தலையணை, வண்டி குதித்தால் வயிற்றில் பிடித்துக்கொள்ள. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மூன்று பேர் அவரிடம் தையல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். சங்கவி அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் மேளச்சத்தம் காதைப் பிளந்தது. பெரியசாமி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருந்தும் பட்டம் கட்டும் முறையை மனசுக்குள் இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தார். ஐயர் கையைக் காட்டி மேளத்தை நிறுத்தினார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? முன்னால வாங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தது போலவே பெரியசாமி திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்வரிசையில் சங்கவி இருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"உங்களத்தாம்பா கூப்பிடறாங்க" என்றாள். "உங்க டிக்கெட்ட நான் கேன்சல் பண்ணிடறேன். நீங்க போங்க."

பெரியசாமி எழுந்தார். மேடையில் பானுப்ரியா நாற்காலியில் உயரமாக உட்கார்ந்திருந்தாள். அவர் குனிய வேண்டியிருக்கவில்லை.