வண்டு வாத்தியாருக்குப் பாராட்டு விழா

வேளாண் கல்லூரியில் அவரை எல்லாரும் வண்டு வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். கத்திரிச் செடியைத் தின்னும் ஒரே ஒரு வண்டினத்தோடு மாரடித்தே மனுஷனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு பூச்சியை ஒழிக்க வேண்டுமென்றால் முதலில் அதை வளர்த்துப் பார்க்க வேண்டும், அந்தத் துறையின் லட்சணம் அப்படி. ஆய்வுக்கூடத்தில் டப்பா டப்பாவாக வளர்த்தார், தளிராகப் பார்த்துப் பறித்துப் போட்டார். கடைசியில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் கல்லூரிப் பண்ணையில் ஒரு வண்டு அகப்படாது என்றாக்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய வேலைதான். ஆனால் வருஷா வருஷம் நடக்கும் ஆசிரியர் சாதனை விழாவில் யார் யாரோ மேடையேறினார்கள். கருத்தரங்குக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தவருக்கெல்லாம் கேடயம் கிடைத்தது. இவர் கீழே உட்கார்ந்து கைதட்டியே ஓய்ந்துபோனார். வீட்டுக்காரம்மாவுக்கு அந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதனால், இந்த வருஷம் இவர் முறை என்றதும் சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டினத்தை அடியோடு ஒழித்தமைக்காக" என்று கல்லூரி முதல்வர் சான்றிதழை வாசித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வாத்தியார் மைக் முன் நின்று பெற்றோருக்கும் மனைவிக்கும் நன்றி சொன்னார். அத்தோடு இறங்கியிருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே! சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார்.

"இவன் இல்லேன்னா நான் இல்ல சார். இவன் ஒருத்தனை மட்டும் வச்சுக்கிட்டேன். விழாவுக்குக் கூட்டிட்டு வராம இருக்க மனசு கேக்கலை."

உள்ளே வண்டு சாவகாசமாக இலை தின்றுகொண்டிருந்தது. முதல்வர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"அடியோடன்னு போட்டிருக்கோமேய்யா!"

"திருத்திக்கலாமே சார்."

"ஃபிரேம் போட்டாச்சே!"

மேடையிலேயே பேராசிரியர்கள் கூடிப் பேசினார்கள். ஒன்றைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றார் புள்ளியியல்காரர். ஜோடி இருக்கிறதா என்று கேட்டார் தாவரவியல் அம்மா. "இல்லம்மா, பாவம், தனிக்கட்டை" என்றார் வாத்தியார். எதுவும் எடுபடவில்லை. சான்றிதழைத் திருத்த முடியாது, ஆகவே வண்டைத் திருத்த வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. முதல்வர் பெருந்தன்மையாகத் தன் செருப்பைக் கழற்றியே நீட்டினார். போட்டோக்காரர் குனிந்து ஃபோகஸ் பார்த்தார்.

"ஒரு தட்டு. அப்புறம் கேடயம் உங்களுது. சட்டுனு முடிங்க, சாப்பாடு ஆறுது," என்றார் முதல்வர்.

வாத்தியார் கேடயத்தைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஏங்கிய பொருள், பளபளவென்று இருந்தது. குப்பியைப் பார்த்தார்.

"என்னால முடியாது சார். இதுக்கு எப்ப பசிக்கும், எப்ப தூங்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். சான்றிதழை மேஜைமேல் வைத்துவிட்டு, குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

வீட்டுக்காரம்மா பின்னாலேயே வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சொந்தக்காரர்களுக்கு இனி என்ன பதில் சொல்வாள்?

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நெரிந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. கைப்பையைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"குடுங்க இப்படி. உங்க சட்டைப் பையில இருந்தா இந்தக் கூட்டத்துல நசுங்கிடும்."