பாலிஷ் போட்ட படகு

கார் கழுவுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

ஷார்ஜா முவைலாவில் ரூம், ஒரு பாய்மரப் படகு கிளப்பில் டியூட்டி. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, நான் வந்து நாலே மாசம். கார் கழுவ எடுத்த ஆளைப் படகு கழுவப் போட்டுவிட்டார்கள். கழுவுறதுன்னா எல்லாம் ஒண்ணுதானே என்று நானும் தலையாட்டினேன்.

அந்தக் குளிர்காலத்தில் உக்ரைனிலிருந்து ஒரு அம்மா பந்தயத்துக்கு வந்தார். பல வருஷம் உலகப் போட்டிகளில் ஜெயித்தவர். ஒற்றை ஆளாகப் படகு ஓட்டுவார். காற்றுக்குப் படகு சாய்ந்தால், இவர் மறுபக்கம் உடம்பைக் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு உட்காருவார். முட்டி தேய்ந்துவிட்டது, இதுதான் கடைசிப் பந்தயம் என்று வந்த அன்றே சொன்னார். அந்த கிளப்பில் என்னைப் பார்த்து குட் மார்னிங் சொன்ன ஒரே ஆளும் அவர்தான். அவர் படகை ஜோராக வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பந்தயத்தன்று காலை, உள்ளே வெளியே ஒரு இடம் விடாமல் கார் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. அந்தம்மா வந்து ஒரு காலை வைத்தார். சர்ரென்று வழுக்கி, இடுப்பு அடிபட விழுந்தார். கால் பிடிக்க வேண்டும் என்றுதான் அந்தத் தளத்தையே சொரசொரப்பாகச் செய்திருக்கிறார்கள். எனக்கு யார் சொன்னார்கள்?

மேனேஜர் ஓடிவந்தார். என் கையிலிருந்த துணியைப் பார்த்ததும், "கலாஸ், முடிஞ்சது, இவன் விசாவை கேன்சல் பண்ணு" என்றார். ஊரில் பெண்டாட்டிக்கு ஏழு மாசம். துரத்திவிட்ட ஆளாக மாமனார் வீட்டுப் படி ஏறவா?

அந்தம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். "நான்தான் போடச் சொன்னேன்" என்றார். அரைகுறை இங்கிலீஷ், என்னுடையதும் அதே ரகம், அதனால் நன்றாகவே புரிந்தது. பச்சைப் பொய். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

தேய்ந்த முட்டியோடு அவரும் என்னோடு மண்டியிட்டு, சோப்பும் உப்புத்தாளும் வைத்துத் தேய்த்தார். நேரம் போதாமல் பாதி வழுக்கலோடுதான் கிளம்பினார். ஒன்பதாவதாக வந்தார். ஜெயித்தே பழகின மனுஷி, யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

மறுநாளும் பந்தயம் இருந்தது. சாயங்காலம் மேனேஜர் வேறொரு ஆளைக் கூட்டிவந்து, "நாளைக்கு உங்கள் படகை இவன் பார்ப்பான்" என்றார்.

"வேண்டாம்" என்றார் அந்தம்மா. என்னைக் காட்டி, "அதில் எந்த இடம் வழுக்கும் என்று இவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, வாளியை என் பக்கம் தள்ளினார்.

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். அதற்கப்புறம் பதினொரு வருஷம் அங்கே சம்பளம் வாங்கினேன். எல்லாம் அந்தம்மா போட்ட சோறு.